சாலையில் போகிறவர்களை எண்ணுவது எப்படி? போக்குவரத்துத் தரவு, ஓர் எளிய அறிமுகம்

சிக்னல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தொப்பி போட்ட ஒரு பையன், மடியில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். இந்தக் காட்சியை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். காருக்கு ஒரு கட்டம், டூவீலருக்கு ஒன்று, அப்புறம் ஆட்டோ, பஸ், லாரி, சைக்கிள். வண்டி கடந்தால் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த வரி. காலை எட்டரை மணிக்கு சிக்னல் பச்சையானதும் நாற்பது டூவீலர்கள் ஒரே மூச்சில் கிளம்பும்போது அந்தப் பேனா என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் சாலைகளும் பாலங்களும் நீண்ட காலமாக இப்படிப்பட்ட தாள்களை நம்பித்தான் திட்டமிடப்பட்டன. ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் எப்படி எண்ணுவது என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972-இல் ஒரு முறையை வகுத்தது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து ஏழு நாள், இரவு பகலாக எண்ண வேண்டும். அதாவது 14 நாட்களை எண்ணிவிட்டு, மீதி 351 நாட்களைக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும்.

இன்றைக்கு எண்ணுவதற்கு ஆளே வேண்டாம் என்று தோன்றும். சட்டைப் பையில் இருக்கும் போன், கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின், கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், கம்பத்தில் தொங்கும் கேமரா எல்லாமே நாம் போவதையும் வருவதையும் பதிந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டும்தான் நன்றாகப் பதில் சொல்லும். ஒவ்வொன்றின் கண்ணுக்கும் சில பேர் படுவார்கள், சில பேர் படவே மாட்டார்கள். எந்தக் கருவி யாரைப் பார்க்கிறது என்பது தெரிந்தால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம். இந்த இடத்தைக் கடப்பவர்கள் எத்தனை பேர்? எவ்வளவு வேகத்தில் கடக்கிறார்கள்? எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறார்கள்? எதற்காகப் போகிறார்கள்? கேட்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை நான்கு வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்கான பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் பல திட்டங்கள் தடம் மாறிப் போகின்றன.

வண்டியை எண்ணுவது

எண்ணிக்கையிலேயே ஒரு சிக்கல் உண்டு. பஸ்ஸும் ஒரு வண்டி, சைக்கிளும் ஒரு வண்டி. இரண்டையும் கூட்டி இரண்டு என்று எழுதினால் சாலையின் நெரிசல் புரியாது. அதனால் பொறியாளர்கள் எல்லாவற்றையும் காராக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். இதற்கு பிசியு (PCU), அதாவது கார் அலகு என்று பெயர். கார் ஒன்று, டூவீலர் அரை, பஸ் அல்லது லாரி மூன்று, மாட்டு வண்டி எட்டு. கிராமப்புறச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் தரும் அளவுகள் இவை. மாட்டு வண்டிக்கு ஏன் எட்டு? அது மெதுவாகப் போவதால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் தேங்கும். அந்தத் தேக்கத்தையும் சேர்த்துத்தான் எட்டு.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். பஸ் ஒன்றுக்கு மூன்று, கார் மூன்றுக்கும் மூன்று. தாளில் இரண்டும் சமம். அந்த பஸ்ஸில் அறுபது பேர் நிற்க இடமில்லாமல் போகலாம், மூன்று காரிலும் சேர்த்து நாலே பேர் இருக்கலாம். பிசியு இடத்தை அளக்கிறது, மனிதர்களை அளப்பதில்லை. வண்டி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சாலையை அகலப்படுத்தினால், அந்த நாலு பேருக்குத்தான் அதிகம் செய்திருப்போம். என்னைக் கேட்டால், எந்தத் திட்ட அறிக்கையிலும் வண்டிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் இருந்தே தீர வேண்டும்.

சரி, எண்ணும் வேலையை இயந்திரத்திடம் கொடுப்போம். வெளிநாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் கருவி ஒரு கம்பிச் சுருள். தார்ச் சாலையில் மெல்லிய காடி வெட்டி, கம்பியைச் சதுரமாகச் சுற்றிப் புதைத்து, மின்சாரம் ஓட விடுவார்கள். இரும்பு உடம்புள்ள வண்டி மேலே வந்தால் சுருளின் மின்தன்மை மாறும், ஓரத்துப் பெட்டியில் ஒன்று என்று விழும். சற்றுத் தள்ளி இரண்டாவது சுருள் இருந்தால், இரண்டையும் கடக்க ஆன நேரத்தை வைத்து வேகமும் கிடைத்துவிடும்.

ஆனால் வண்டிகள் தத்தம் தடத்தில் ஒன்றன் பின் ஒன்றாகப் போனால்தான் இது வேலை செய்யும். நம் ஊரில் ஒரு தடத்தின் அகலத்தில் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் பக்கத்துப் பக்கத்தில் போகும். சுருளுக்கு அது ஒரே வண்டி. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் இதற்காகவே 2012-இல் ஒரு வழி சொன்னார்கள். சாலையின் அகலம் முழுக்க ஒரு பெரிய சுருள், அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னச் சுருள்கள். எந்தச் சுருள் மேலே எது போகிறது என்று பார்த்து, பஸ்ஸையும் சைக்கிளையும் தனித்தனியாக அடையாளம் காணும் ஏற்பாடு.

கேமராவுக்கும் இதே தொல்லை வந்தது. படத்தைப் பார்த்து வண்டியை இனம் காணும் மென்பொருளுக்கு முதலில் ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். ஐரோப்பியச் சாலைப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு ஆட்டோ என்றால் என்னவென்றே தெரியாது. ஹைதராபாத் ட்ரிபிள் ஐடி ஆய்வாளர்கள் ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்களில் ஆட்டோ, தெருவோர விலங்கு என்று ஒவ்வொன்றையும் குறித்து 2018-இல் பொதுவில் வெளியிட்டார்கள். வெளியே தெரியாத வேலைதான். ஆனால் இப்படிப்பட்ட வேலை நடக்காவிட்டால் நம் சாலையில் ஓடுவதில் பாதி, கணக்கிலேயே வராது.

சிவப்புக் கோட்டின் அர்த்தம்

கூகுள் மேப்பில் சாலை சிவப்பாகத் தெரிந்தால் அங்கே நிறைய வண்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நிறம் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, வேகத்தைச் சொல்கிறது. மேப்பைத் திறந்து இருப்பிடத்தையும் அனுமதித்திருக்கும் போன்கள் எங்கே இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறோம் என்று பெயர் சொல்லாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கூகுள் 2009-இல் இந்த முறைக்கு வந்தது. ஒரு சாலையில் போன்கள் வழக்கத்தைவிட மெதுவாக ஊர்ந்தால் அங்கே சிவப்பு.

2020 பிப்ரவரியில் பெர்லினைச் சேர்ந்த கலைஞர் சைமன் வெக்கர்ட் ஒரு வேலை செய்து காட்டினார். 99 பழைய போன்களைச் சேர்த்து, எல்லாவற்றிலும் மேப்பை ஓட விட்டு, ஒரு சின்ன சிவப்பு இழுவண்டியில் அடுக்கினார். வெறிச்சோடிக் கிடந்த தெருவில் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் போன பாதை முழுக்க மேப்பில் சிவப்பானது. தெருவில் ஒரு மனிதர், ஒரு கைவண்டி. மேப்பின் கணக்கிலோ நகராமல் நிற்கும் கார்க் கூட்டம். இந்தியா, இந்தோனேசியா, எகிப்து போன்ற நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்தறிய வழி செய்திருப்பதாகக் கூகுள் அப்போது சொன்னது. நமக்கு அது முக்கியம். கார் நின்றுபோன இடத்திலும் பைக் சந்து பார்த்து நுழைந்து போய்விடும் அல்லவா?

இதற்காக இந்தத் தரவு உதவாது என்று சொல்லவில்லை. திட்டமிடுகிறவர்களுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரியது. முன்பெல்லாம் ஒரு சாலையில் பயண நேரத்தை அளக்க, ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக ஒருவரைக் காரில் ஏற்றி, கூட்டத்தோடு கூட்டமாக ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். இப்போது ஆண்டின் எல்லா நாளும், எல்லா மணி நேரமும் கிடைக்கிறது. அதனால் சராசரியைத் தாண்டிப் பார்க்க முடிகிறது. ஒரு வழியில் சராசரியாக 20 நிமிடம் ஆகிறது, ஆனால் வாரத்தில் ஒரு நாள் 45 நிமிடம் ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர், முதல் ஷிப்டுக்குப் போகிறவர் எல்லாரும் தினமும் 45 நிமிடம் முன்னதாகவே கிளம்பித்தான் ஆக வேண்டும். சராசரியை ஐந்து நிமிடம் குறைப்பதைவிட அந்த ஒரு நாளைச் சரிசெய்வதே அவர்களுக்குப் பேருதவி. பழைய முறையில் அந்த ஒரு நாள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

ஆனால் சிவப்பைக் கண்டதும் அங்கேயே ஒரு மேம்பாலம் போடக் கிளம்பிவிடக் கூடாது. காய்ச்சலில் உடம்பெல்லாம் சுடும், கிருமி வேறெங்கோ இருக்கும். தேக்கத்துக்குக் காரணம் அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு யூ-டர்னாக இருக்கலாம். அல்லது நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நிற்பதால் நடுச்சாலையில் ஆளை ஏற்றும் பஸ்ஸாக இருக்கலாம். நிறம் இடத்தைக் காட்டும். அந்த ஜனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று காட்டாது.

எங்கிருந்து, எங்கே

திட்டமிடலில் மிகவும் விலை உயர்ந்த கேள்வி இதுதான். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் என்று பெரிய அட்டவணை போடுவார்கள். மெட்ரோ எந்த வழியில் போக வேண்டும், எந்த பஸ் தடத்தை நீட்ட வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அந்த அட்டவணைக்காக வீடு வீடாகப் போய், நேற்று யார் யார் எங்கே போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேட்பது வழக்கம். செலவும் காலமும் பிடிக்கும் வேலை என்பதால் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். முடிவு வருவதற்குள் புறநகரில் புதிதாக நாலு நகர் முளைத்துவிடும்.

கொழும்பில் லர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் இதை வேறு வழியில் செய்து பார்த்தது. நாம் போனில் பேசும்போதும் குறுஞ்செய்தி அனுப்பும்போதும், எந்த நேரத்தில் எந்த டவர் வழியாக என்று தொலைபேசி நிறுவனத்தில் ஒரு வரி பதிவாகும். பேசியது என்ன என்பது அதில் இருக்காது. பெயரையும் எண்ணையும் மறைத்த அந்தப் பதிவுகளை வாங்கி ஒரு எளிய யோசனையைப் பயன்படுத்தினார்கள். ஒரு போன் இரவில் பெரும்பாலும் எந்த டவரைப் பிடிக்கிறதோ அதன் பக்கம் வீடு. வேலை நாளின் பகலில் எந்த டவரோ அதன் பக்கம் வேலையிடம். இப்படி லட்சக்கணக்கான போன்களுக்குப் பார்த்தால், ஒரு மாகாணமே காலையில் எப்படி நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

கொழும்பு நகரில் பகலில் இருப்பவர்களில் 46.9% பேர் நகருக்கு வெளியே வசிப்பவர்கள் என்று அந்தக் கணக்கு காட்டியது. மகரகம, கொலன்னாவ, கடுவெல, ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை, தெஹிவளை, வத்தளை என்று எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு பேர் என்ற விவரமும் வந்தது. செலவு பிடித்த வழக்கமான பயணக் கணக்கெடுப்புகளின் முடிவோடு ஒப்பிட்டபோது இரண்டும் நன்றாக ஒத்துப்போயின. யோசித்துப் பாருங்கள். நகரின் சாலைக்கும் தண்ணீருக்கும் குப்பைக்கும் திட்டம் போடுகிறவர்கள், அங்கே இரவில் தூங்குகிறவர்களை மட்டும் எண்ணினால், பகலில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கணக்கிலேயே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஆரஞ்ச் என்ற தொலைபேசி நிறுவனம் தந்த அழைப்புப் பதிவுகளை வைத்து ஐபிஎம் ஆய்வாளர்கள் 2013-இல் பஸ் தடங்களை மறுபடி வரைந்து பார்த்தார்கள். எந்தத் தடத்தை நீட்டலாம், எங்கே புதுத் தடம் போடலாம் என்று பட்டியலிட்டு, அப்படிச் செய்தால் பயண நேரம் சுமார் 10% குறையும் என்று கணித்தார்கள்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டவரை வைத்து ஆளின் இடத்தைத் தோராயமாகத்தான் சொல்லலாம். நகரில் சில நூறு மீட்டர் பிசகும், கிராமத்தில் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். பஸ்ஸில் போனாரா, பைக்கில் போனாரா என்று தெரியாது. ஒருவர் இரண்டு சிம் வைத்திருந்தால் இரண்டு பேர். போன் இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளை கணக்கிலேயே இல்லை. பெண்கள்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54% மட்டுமே. போன் பதிவை மட்டும் நம்பிப் போடும் அட்டவணை அப்பா, அண்ணன், கணவரின் பயணங்களைத்தான் அதிகம் சுமந்திருக்கும். அதனால் மக்கள்தொகைக் கணக்கோடும் நேரில் கேட்ட விவரங்களோடும் ஒப்பிட்டுத் திருத்தாமல் அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

டிக்கெட்டுக்குத் தெரிந்தது

லண்டன் சுரங்க ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். எந்த ஸ்டேஷனில் ஏறி எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் நடுவில் எந்த வழியாகப் போனார்கள், எங்கே மாறினார்கள், எந்தப் படிக்கட்டில் நெருக்கியடித்தார்கள் என்று அட்டைக்குத் தெரியாது. அதனால் 2016 நவம்பர், டிசம்பரில் நான்கு வாரம், 54 ஸ்டேஷன்களில் இருக்கும் வைஃபை கருவிகளைக் கொண்டு லண்டன் போக்குவரத்து அமைப்பினர் ஒரு சோதனை நடத்தினார்கள். போன் வைஃபையைத் தேடும்போது அனுப்பும் அடையாள எண்ணை, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றிப் பதிந்தார்கள். 56 லட்சம் கருவிகளிலிருந்து 50 கோடிக்கு மேல் பதிவுகள் வந்தன.

கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ போக இரண்டு வழிகள்தான் பிரபலம். பதிவைப் பார்த்தால் மக்கள் 18 வெவ்வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். சுமார் 40% பேர் அந்த இரண்டு பிரபலமான வழிகளிலும் போகவில்லை. இது தெரிந்தால் எந்த மாறுமிடத்தில் கூட்டம் சேரும், ஒரு தடம் பழுதானால் ஜனங்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள், எந்த நடைவழியை முதலில் அகலப்படுத்த வேண்டும் என்றெல்லாம் சொல்ல முடியும். 2019 ஜூலையில் இந்த ஏற்பாட்டைச் சுரங்க ரயில் முழுவதற்கும் விரிவாக்கினார்கள். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. சோதனை நடந்த ஸ்டேஷன்களில், இப்படிச் சேகரிக்கிறோம், வேண்டாம் என்றால் போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

நம் பக்கத்தில் கண்டக்டரின் டிக்கெட் மெஷின் இதே மாதிரி ஒரு கருவிதான். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு வாங்காதபோது டிக்கெட் எதற்கு என்று தோன்றும். ஆனால் கட்டணமில்லாப் பயணச்சீட்டு என்று ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால், எந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு ஏட்டில் சுவடே இருக்காது. நாளைக்கு அந்தத் தடத்தில் பஸ்ஸைக் குறைத்தாலும் வருமானக் கணக்கில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தத் துண்டுச் சீட்டுதான் அவர்கள் பயணம் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி.

ஆனால் சீட்டுக்கும் எல்லை உண்டு. இந்தத் திட்டத்தால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழு சொன்னது. அது டிக்கெட் மெஷினிலிருந்து வந்த எண் இல்லை. பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

பெயரை மறைத்தால் போதுமா

போன் பதிவுகளில் பெயரை எடுத்துவிட்டோம், அதனால் பயமில்லை என்று சொல்வது வழக்கம். 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. 15 லட்சம் பேரின் 15 மாதப் போன் பதிவுகளைப் பார்த்ததில், எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற விவரம் நாலே நாலு கிடைத்தால் 95% பேரைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட முடியும் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் உங்கள் தெரு, பகலில் உங்கள் ஆபீஸ், மாலையில் பிள்ளையின் ட்யூஷன், ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு. இந்த நாலும் ஒன்றாகச் சேர்கிற இன்னொருவர் ஊரில் இருக்க மாட்டார்.

நல்ல செய்தி என்னவென்றால், திட்டமிடலுக்குத் தனி ஆளின் தடம் தேவையே இல்லை. இந்தப் பகுதியிலிருந்து அந்தப் பகுதிக்கு இந்த மணியில் இத்தனை பேர் என்று கூட்டித் தந்தால் போதும். மிகச் சிறிய எண்ணிக்கைகளை அறவே நீக்கிவிட வேண்டும். ஒரு குக்கிராமத்திலிருந்து இரவு இரண்டு மணிக்குக் கிளம்பியவர் ஒரே ஒருவர் என்றால், அது யார் என்று அந்த ஊருக்கே தெரியும். ஆகவே தரவை வாங்கும் அலுவலகம் கூட்டிய கணக்கை மட்டும் வாங்கட்டும். மூலப் பதிவைக் கையில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு ஆபத்து, தரவு அடுத்தவர் கையில் இருப்பது. ஊபர் நிறுவனம் தன் வண்டிகளின் பயண நேரங்களைக் கூட்டி, ஊபர் மூவ்மெண்ட் என்ற பெயரில் 2017-இலிருந்து இலவசமாகத் தந்தது. பல நகரங்களின் ஆய்வாளர்கள் அதை வைத்து வேலை செய்தார்கள். 2023-இல் அதை மூடிவிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தில் நடுவில் ஏட்டைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? பஸ், ரயில், சிக்னல் என்று ஊரின் சொந்தக் கருவிகளிலிருந்து வரும் பதிவுகளை ஊரே பத்திரமாக வைத்திருப்பது அதனால்தான் அவசியம்.

நடக்கிறவர்கள், நடக்காமல் விட்டவர்கள்

இதுவரை சொன்ன கருவிகளை இன்னொரு தடவை பாருங்கள். சுருள் இரும்பைத்தான் பார்க்கும். ஃபாஸ்டேக் நாலு சக்கரமும் அதற்கு மேலும் உள்ளதைப் பெரும்பாலும் சுங்கச்சாவடியில் பார்க்கும். டிக்கெட், பஸ்ஸில் ஏறியவரைப் பார்க்கும். வீட்டிலிருந்து கடைக்கும், ரேஷனுக்கும், பள்ளிக்கும் நடந்தே போகிறவர் இவற்றில் எதிலும் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கை வகுத்து, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60% அவர்களுக்கு என்று எழுதியது. அந்தப் பணத்தை எந்தத் தெருவில் முதலில் செலவிடுவது என்று முடிவு செய்ய, நடப்பவர்களை எண்ண வேண்டும். கேமரா இதற்கு உதவும். ஆனால் பெரும்பாலான கேமராக்கள் வண்டியைப் பார்த்தபடிதான் மாட்டப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் நடைபாதைப் பக்கமும் திருப்பினால் நல்லது.

அப்புறம், எந்தக் கருவிக்கும் எட்டாத ஒரு ஆள் உண்டு. ஆறு தடச் சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், நடுவில் கடக்க வழி இல்லை. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். கேமராவில் அவர் இல்லை, டிக்கெட்டில் இல்லை, போன் பதிவிலும் அவர் நகரவில்லை. அந்த இடத்தில் கடப்பவர் யாருமில்லை, ஆகவே நடை மேம்பாலமோ சிக்னலோ தேவையில்லை என்று தரவு சொல்லும்.

அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வீட்டுக் கணக்கெடுப்புத் தாளில் ஒரு வரி கூடுதலாக இருக்க வேண்டும்: போக நினைத்தும் போகாமல் விட்ட இடம் ஏதாவது உண்டா, ஏன்? அதைக் கேட்க ஒரு ஆள் அந்தத் தெருவுக்குப் போய், கதவைத் தட்டி, பாட்டி பதில் சொல்லி முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.